நாற்றங்காலுக்குள் ஓடியவள்

தம்பி,

உன் கடிதம் வந்தது. நாலே வரி. பட்டணத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது ஒரு வரி, அம்மாவின் முதுகுவலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறாய் என்பது ஒரு வரி, ஆபீசில் லீவு கிடைப்பது கஷ்டம் என்பது ஒரு வரி. மூன்றையும் உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கடிதத்தை மடித்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "நாலாவதையும் படிச்சுடுங்க" என்றாள். "நாலாவது ஒண்ணு இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?" என்றேன். "மூணு வரியைப் படிக்கவா இவ்வளவு நேரம் மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னீங்க?" என்றாள். படித்தேன். "ஆவணி பிறந்ததும் அவர்களே கொண்டுவந்து விடட்டும். நான் போய் அழைக்கப் போவதில்லை." அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இதை எழுதும் இந்த நிமிஷம் வரை முறம் அங்கேயேதான் கிடக்கிறது. அரிசிக்குள் எறும்பு போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இன்று சோறு உண்டா இல்லையா என்பது இந்தக் கடிதம் எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம் ஆயிற்று. திருக்கடையூரில் உன் சின்னத் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போன இடத்தில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்த முதுகுளத்தூர் வாத்தியாரோடு நான் பேச்சுக் கொடுத்ததால் ஆன கல்யாணம். ஆனி முழுக்க உன் மனைவி ஈஸ்வரி எங்களோடு இருந்தாள். நீ பட்டணத்தில் வீடு பார்த்துக்கொண்டிருந்தாய். ஆடி பிறக்கும் முன் வழக்கப்படி அவள் அப்பா, அந்த வாத்தியார், வந்து அழைத்துப் போனார். தலை ஆடிக்கு மாப்பிள்ளையை அழைத்து விருந்து வைப்பது அந்தச் சீமையிலும் உண்டு. நீ போகவில்லை. உனக்கென்று வளர்த்த சேவல் இன்னும் அந்த வீட்டு வாசலில் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிகிறது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? அந்தச் சேவலை நான் நேரில் சந்தித்தேன். அதை அதன் இடத்தில் சொல்கிறேன். உன் கணக்கில் சங்கதி ரொம்பச் சின்னது. ஒரு அசட்டுப் பெண் ஊர் சிரிக்கும்படி ஒரு காரியம் செய்தாள், நீ அதட்டினாய், அவள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எல்லாம் சரிதான் தம்பி. அசடு யார் என்பது மட்டும்தான் கொஞ்சம் இடம் மாறிப்போயிருக்கிறது.

நம் பக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் பத்திரிகையில் எழுதுவதைப் படித்தால், யாரோ வேறு ஊரைச் சொல்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். பச்சைக் கம்பளம் விரித்தது போல இருக்கிறதாம். பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கிறேன், ஒரு கம்பளத்தையும் கண்டதில்லை. எனக்குக் கரும்பச்சை என்றால் யூரியா போட்டது, வெளிர்ப்பச்சை என்றால் போடாதது, மஞ்சள் என்றால் போடலாம் என்று போனபோது கடையில் சரக்கு இல்லாதது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால், எவன் மடையை எவன் அடைத்தான் என்ற பஞ்சாயத்து வந்துவிட்டது என்று அர்த்தம். கொக்கு வந்து உட்கார்ந்தால் அந்த இடத்தில் நண்டு வரப்பைத் துளைத்திருக்கிறது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டு வந்தால் அயலூர்க்காரன் அண்ணாந்து பார்த்து ஆகா என்பான். நான் களத்தில் கிடக்கும் நெல்லை மூடச் சாக்கைத் தேடி ஓடுவேன். பெரிய கோயில் கோபுரத்தைக்கூட, பஸ்ஸில் தூங்கி விழித்தால் இறங்குமிடம் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் நான் உபயோகப்படுத்தி வருகிறேன்.

இந்தப் பத்து வருஷமாக அந்தப் பார்வையும் போயிற்று. வயலைப் பார்த்தால் இப்போது கொடிதான் கண்ணில் படுகிறது. வரப்பில் செங்கொடி நட்டிருக்கிறதா, தெருமுனையில் ஆளுங்கட்சியின் கொடிக்கம்பம் போன மாசத்தைவிட உயர்ந்திருக்கிறதா என்றுதான் காலையில் எழுந்ததும் பார்க்கிறோம். உச்சவரம்புச் சட்டம் வந்தபின் பெரிய பண்ணையார் தன் நிலத்தை நேற்றுப் பிறந்த பேரன் பேரிலும், போன வருஷம் போய்ச்சேர்ந்த மாமனார் பேரிலும் எழுதிவைத்தார். அவர் வீட்டு நாய் தெருவில் வந்தால், "சின்னப் பண்ணை வருது, வழி விடுங்க" என்று டீக்கடையில் குரல் கொடுக்கிறார்கள். நான் மூணு ஏக்கர் சொச்சம், அரை வேலி நிலக்காரன். பண்ணையார்கள் கூட்டத்தில் எனக்கு நாற்காலி கிடையாது. விவசாயக் கூலிச் சங்கத்தார் கணக்கிலோ நானும் மிராசுதாரன். இரண்டு பக்கமும் முறைத்துப் பார்க்கப்படுகிறவனுக்கு வயலின் அழகைப் பார்க்கக் கண் எங்கே மிச்சம் இருக்கப்போகிறது?

இந்த வியாதி நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. நாகப்பட்டினத்தில் என் சிநேகிதர் மரைக்காயர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், புதுவீடு கட்டியபோது போயிருந்தேன். வீட்டுக்கு நேர் பின்னால் கடல். அந்தப் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வெயில் சாய்கிற நேரம். தண்ணீரில் பாதி வெள்ளி, பாதி நீலம், நடுவில் ஒரே ஒரு கட்டுமரம். மரைக்காயர் பின்னாலேயே வந்து, "என்னங்க, எதையும் கீழ போட்டுட்டீங்களா?" என்று மணலில் தேட ஆரம்பித்தார். "கடலைப் பாக்குறேன் பாய்" என்றேன். "கடலா? அது எங்க போயிடப்போவுது? உள்ள வாங்க, இடியாப்பம் ஆறுது" என்றார். உள்ளே அவர் சம்சாரம், "பாவம், தஞ்சாவூர்க்காரங்க கடலையே பாத்ததில்ல போலருக்கு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. அதே மரைக்காயர் நம் வயலுக்கு வந்தால் வரப்பை விட்டு நகரமாட்டார். "இப்படி ஒரு இடத்தை வச்சுக்கிட்டு நீங்க ஏங்க மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். அவருக்குக் கடல் என்பது துணியின் சாயத்தை மங்கடிக்கிற உப்புக்காற்று. எனக்கு வயல் என்பது யூரியா. ஒருவர் கொல்லையை ஒருவர் பார்த்து வாய்பிளந்துவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஈஸ்வரி வந்து சேர்ந்தாள். வந்த அன்றே, "மாமா, ஆறு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினேன். வெறும் மணல். முகம் வாடினாலும், "எம்புட்டு அகலம்!" என்று மணலையே மெச்சினாள். இரண்டொரு நாளில் மேட்டூர்த் தண்ணீர் நம் மதகுக்கு வரப்போகிறது என்று தகவல் வந்தது. நான் போனது நம் முறைக்கு யாரும் முந்திவிடக் கூடாதே என்று. அவள் வந்தது பார்க்க. நீயும் நானும் எத்தனையோ தடவை அந்த மதகடியில் நின்றிருக்கிறோம். ஆனால் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டால் உன்னால் சொல்ல முடியுமா? எனக்குத் தெரியாது. அன்றுதான் பார்த்தேன், அவள் கையைக் காட்டியதால். முதலில் ஈரமண் வாசனை வருகிறது. பிறகு பறவைகள். மைனாவும் கொக்கும் தரையில் நடந்தபடி வருகின்றன; பின்னால் தண்ணீர் வர, வெடிப்புக்குள்ளிருந்து தப்பித்து ஓடும் பூச்சிகளைக் கொத்திக்கொண்டே முன்னால் வருகின்றன. அதற்குப் பிறகுதான் பழுப்பு நுரை, காய்ந்த சருகு, மூங்கில் இலை எல்லாவற்றையும் மெதுவாகத் தள்ளிக்கொண்டு தண்ணீரின் நுனி தெரிகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் நின்று, நிரப்பிவிட்டு, அடுத்த அடி வைக்கிறது. "தண்ணி நடந்து வருது மாமா" என்றாள் ஈஸ்வரி. அவள் குரல் எப்படியோ இருக்கவே திரும்பிப் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. நான் அவசரமாக மடையை எட்டிப் பார்க்கிறவன்போலக் குனிந்துகொண்டேன்.

அதன்பின் நாற்றங்காலில் விதை விட்டோம். அவள் தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டு வருவாள். காபிகூடக் குடிக்காமல் புது மருமகள் எங்கே போகிறாள் என்று எதிர்வீட்டில் வேவு பார்த்தார்கள். நாற்றங்காலுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். முளைத்த முதல் நாள் சேற்றின் மேல் பச்சையாக ஆவி படிந்தது போல இருந்தது என்றாள். ஒரு வாரத்தில், இரவில் பெய்த தூறல் ஒவ்வொரு நுனியிலும் ஒவ்வொரு சொட்டாக நின்றதைச் சொன்னாள். அப்புறம் காற்று அதன்மேல் ஓடும்போது ஒரு பக்கம் வெளுத்து ஒரு பக்கம் கறுக்கிறதாம், பூனை முதுகைத் தடவிக்கொடுத்தாற்போல. நாங்கள் இட்லியை விண்டுகொண்டே உம் கொட்டினோம். ஒன்றை மட்டும் எங்களில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. நாற்று என்றால் பிடுங்கி வேறு வயலில் நடுவது என்பதை. மறைக்கவில்லை, தம்பி. அதையெல்லாம் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று இந்தத் தாலுகாவில் யாருக்கும் தோன்றாது. அவள் ஊரில் காய்ந்த புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். விழுந்த இடத்தில் முளைத்து, அங்கேயே விளைந்து, அங்கேயே அறுப்பு. முளைத்த பயிரைப் பிடுங்குவது அங்கே பகைவன் செய்கிற வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீயும் இருந்தாய். ஆனால் வரப்பில் நின்றாய். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரத்தநாட்டு மாமா வீட்டு விருந்துக்கு இரண்டு பேரும் கிளம்பி, பஸ்ஸுக்கு வயல் வழியாக வந்தீர்கள். அவள் கல்யாணப் பட்டில். நீ ரெண்டு பேர் நுழையலாம்போலக் கால் அகன்ற அந்தப் பேண்டும் பளபளக்கிற பூட்சுமாக. நடவுக் கூலிப் பேச்சு பல நாளாக இழுத்துக்கொண்டிருந்தது. நாற்றுக்கு வயசு ஏறிக்கொண்டே போனதால் பறிப்பு மட்டும் நடக்கட்டும், கூலி முடிவானபின் நடவு என்று ஒரு ஏற்பாடு. பெண்கள் நம் நாற்றங்காலில் இறங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் பெரிய பண்ணையின் காரியஸ்தர், அவருக்குப் பின்னால் குடையும் துண்டுமாக நாங்கள் சிலர். எதிரே செங்கொடியோடு சங்கத்துத் தலைவர் கோவிந்தராசு, அவருக்குப் பின்னால் ஆட்கள். சாலையில் போலீஸ் வேன். அதிலிருந்தவர்கள் நம் மரத்து இளநீரை நம்மைக் கேட்காமலே குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு தடித்தது. "பறிச்சுப் போட்டுட்டு நடாம விட்டா நாத்து அழுகிப்போயிடும், நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார் காரியஸ்தர். கோவிந்தராசு கொடியை உயர்த்தி, "யாரும் நிறுத்தாதீங்க! பறிங்க! முழுசையும் பறிச்சுப் போடுங்க! நாத்து அழுகுற பயம் வந்தாத்தான் இவங்க இறங்கி வருவாங்க!" என்றார். கெட்டிக்காரத்தனமான யோசனை, உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன், வெளியில் முறைத்தேன்.

அந்த நேரத்தில்தான் உன் மனைவி வந்து சேர்ந்தாள். அவள் கண்ணில் பட்டது என்ன? செங்கொடி, போலீஸ், கூச்சல், "பறிச்சுப் போடுங்க" என்ற குரல், தான் தினமும் பார்த்து வந்த பச்சையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கும் கைகள். தஞ்சாவூர்ச் சண்டையைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததெல்லாம் அவள் மனசில் இருந்திருக்கும். "புடுங்காதீக!" என்று ஒரு சத்தம். பட்டுப் புடவையோடு முழங்கால் சேற்றில் இறங்கி ஓடினாள். "பச்சப் பயிரப் புடுங்காதீக! ஒங்க சண்டைக்கு அது என்ன பண்ணுச்சு?" நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அஞ்சம்மாவின் கையிலிருந்த கொத்தைப் பிடுங்கி, குனிந்து, அதைத் திரும்பவும் சேற்றில் ஊன்ற ஆரம்பித்தாள். அஞ்சம்மாதான் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ ஆத்தா, நடவே ஆரம்பிச்சுட்டியா? கூலி இன்னும் முடிவாவல, சங்கத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு நடு!" கோவிந்தராசு சிரித்தார், காரியஸ்தர் சிரித்தார், போலீஸ்காரர் ஒருவருக்கு இளநீர் புரையேறியது. நான் துண்டை வாயில் திணித்துக்கொண்டும் பயனில்லை. கூலியில் ஒரு பைசாவுக்கு ஒத்துவராத இரண்டு தரப்பும் உன் மனைவியைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் ஒத்துப்போயின. சிரித்து முடித்து மறுபடி சண்டைக்கே போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூலி அப்புறம் ஒரு நாள் தாசில்தார் முன்னால்தான் முடிவாயிற்று.

நீ சிரிக்கவில்லை. "மேல வாடி! காஞ்ச ஊர்ல பொறந்தா இதெல்லாம் எங்க தெரியப்போவுது? மானத்தை வாங்காத!" என்று வரப்பிலிருந்து கத்தினாய். பிறகு குனிந்து உன் பூட்சில் தெறித்த சேற்றைப் பார்த்தாய். அவள் கரையேற முடியாமல் புடவை தடுக்கி நின்றபோது அஞ்சம்மாதான் கை கொடுத்தாள். நீ பஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் நடந்துவிட்டாய், தனியாக. ஒரத்தநாட்டு விருந்தை நீ ஒருவனே சாப்பிட்டாய் என்று கேள்வி.

இனி சேவல் கதைக்கு வருகிறேன். ஆடி நடுவில், கோயிலுக்கு என்று தெருவில் சொல்லிவிட்டு, அம்மா கொடுத்த முறுக்கு டின்னோடு முதுகுளத்தூர்ப் பக்கம் பஸ் ஏறினேன். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பாய். போகும்வரை அந்தச் சீமையைப் பற்றி எனக்கும் உன் அபிப்பிராயம்தான்: காய்ந்த ஊர். சாயங்காலம் சம்பந்தியோடு கண்மாய்க் கரையில் ஏறி நின்றேன். தம்பி, அங்கே வானத்துக்கு ஓரமே கிடையாது. நம் ஊரில் தென்னையும் மூங்கிலும் வாழையும் நறுக்கிக் கொடுக்கும் துண்டு வானத்தைத்தான் இத்தனை வருஷமாக வானம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே பனைகள் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவைபோலத் தள்ளித் தள்ளி நின்றன. ஒவ்வொன்றும் தன் நிழலை முழு நீளத்துக்கும் தரையில் கிடத்தியிருந்தது. வெடித்த கண்மாய்த் தரையில் சாயங்கால வெயில் விழுந்து, ஒவ்வொரு வெடிப்பின் விளிம்பும் செம்புக்கம்பி வைத்துத் தைத்தாற்போல ஓடியது. அதில் ஒரு மயில், எந்த அவசரமும் இல்லாமல். "என்னத்தப் பாக்குறீக சம்பந்தி? கண்ணுக்கு எட்டுன மட்டும் ஒண்ணுமில்லையே" என்றார் வாத்தியார். "அந்த ஒண்ணுமில்லாததைத்தான் பாக்குறேன்" என்றேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பி, "இங்க வந்து பாருங்கடா! சம்பந்தி நம்ம பொட்டலப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்காக!" என்று கூவினார். வீட்டோடு வந்து சிரித்தார்கள். உன் சேவலும் வந்து கூவிவிட்டுப் போயிற்று. அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவள் ஒருத்தி. அவள் கரையேறி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

மற்றவர்கள் போனபின் அவளே பேசினாள். "நடுவாகன்னு பொஸ்தகத்துல படிச்சிருக்கேன் மாமா. நடுறதுக்கு முன்னால புடுங்குவாகன்னு ஒரு பொஸ்தகத்துலயும் போடலையே" என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். "எல்லாரும் சிரிச்சாக. வீட்டுக்கு வந்து புடவையக் கசக்குறப்ப எனக்கே சிரிப்பு வந்துருச்சு. அது ஒண்ணும் இல்ல மாமா. அவுக எறங்கி வந்து, அட மக்கு, இது இப்படித்தான்னு காதுல சொல்லியிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். அவுக வரப்புலயே நின்னாக." அவ்வளவுதான். அழவில்லை, உன்னைத் திட்டவில்லை. பிறகு, "நட்ட நாத்து பச்ச புடிச்சிருச்சா மாமா?" என்று கேட்டாள். மேலுரம் வைத்தது தெரியும், களையெடுக்கிறார்கள் என்று தெரியும். பச்சை பிடித்திருக்கிறதா என்று நின்று பார்த்தேனா என்றால், இல்லை. "வந்து நீயே பாரு" என்று சமாளித்தேன். அவள் கண்மாயைப் பார்த்தாள்.

ஊர் திரும்பிய அன்று பஸ்ஸிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போனேன். என்னவென்று எழுதுவது? நடும்போது ஒல்லியாகத் தலைசாய்ந்து நின்றவை தூர் கட்டிக் குத்துக் குத்தாக நின்றன. இடையில் தெரிந்த தண்ணீர் முக்கால்வாசி மறைந்து, மிச்சத்தில் மேகம் கிழிந்து கிழிந்து போய்க்கொண்டிருந்தது. காற்று தெற்கு வரப்பில் ஏறி வடக்கு வரப்பில் இறங்கியது. அது போன வழி வயலில் தெரிந்தது. யூரியாவை மறந்துவிட்டுப் பார்க்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. களையெடுத்துக்கொண்டிருந்த அஞ்சம்மாவிடம், "அழகா இருக்கில்ல?" என்றேன். "காலையிலேருந்து குனிஞ்சிருக்கேன்யா. நிமிந்துட்டுச் சொல்றேன்" என்றாள். நிமிர்ந்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தாள். "இருக்கு" என்றாள். பிறகு, "கூலியும் இதே மாதிரி வளந்தா இன்னும் அழகாத்தான் இருக்கும்" என்றாள். பழைய நாற்றங்காலின் மூலையைக் காட்டினாள். அன்று ஈஸ்வரி கோணலாக ஊன்றிய அந்தக் கொத்து மற்றதையெல்லாம்விடத் தழைத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "அதை நாங்க ஒருத்தரும் தொடலைங்க. எங்களுக்கு முந்தி நட்டது அந்த ஆத்தாதான். அதோட கூலியை அது வந்து கேட்டு வாங்கிக்கட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "ஈஸ்வரி எப்படி இருக்கா? இளைச்சிருக்காளா?" வானத்தையும் மயிலையும் பற்றி ஆரம்பித்தேன். "மயிலு இளைச்சா எனக்கென்ன? அவளைச் சொல்லுங்க" என்றாள். அவள் நின்ற கண்மாய்க் கரையைச் சொன்னேன். சட்டென்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "போவட்டும், என் மூக்குத்தி எந்தப் பக்கம்? அதையாவது சொல்லுங்க" என்றாள். உன் வயசைவிட அதிக வருஷமாக நான் அந்த முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து காபி குடித்து வருகிறேன். துணிந்து "வலது" என்றேன். முந்தானையை எடுத்தாள். இரண்டு பக்கமும் இருந்தது. அவள் சிரித்தாள் என்பதால் நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுக்க அது ஒரு நெருஞ்சி முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்க்காலையும் வயலையும் பார்க்காமல் இருந்த கண்தானே இது? வீட்டுக்குள் வந்தால் மட்டும் திறந்துகொள்ளுமா? எனக்கு இந்த நிலைக்கு வர முழுசாக ஒரு ஆயுசு தேவைப்பட்டது. நீ என்னைவிடச் சூட்டிகை. கல்யாணமாகி இரண்டு மாசத்துக்குள் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்க்காமல் பூட்சைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாய்.

கண் மங்காமல் இருக்க வழி எனக்கும் தெரியாது, தம்பி. தெரிந்தவன்போல எழுதினால் அம்மா சிரிப்பாள். தினமும் பார்ப்பது கண்ணுக்குத் தெரியாமல் போவது என் குற்றமும் இல்லை, உன் குற்றமும் இல்லை. வயிற்றுப்பாடும் சண்டையும் சச்சரவும் அப்படிச் செய்துவிடுகின்றன. ஆனால் அதைப் பார்த்து இன்னும் ஓடத் தெரிந்த ஒருத்தி நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் ஓடியது அறியாமையால்தான். ஆனால் அந்தப் பச்சைக்காக ஓடினாள்; அத்தனை பேர் அங்கே நின்றோம், எங்களில் ஒருவனும் அதற்காக ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. அவளையும் வரப்பில் நின்று பார்க்கப் பழக்கிவிட்டால் பிறகு நம் வீட்டில் யாருக்கு எதைக் காட்ட ஆள் இருக்கும்? பட்டணத்து வீட்டிலும் உனக்கு ஏதாவது இருக்கும், தினமும் தாண்டிப் போகிற ஒரு மரம், மொட்டை மாடிக்கு மேல் ஒரு நிலா. அவள் வந்து சொன்னால்தான் தெரியும்.

ஆகவே ஆவணி பிறந்த அன்று நீயே முதுகுளத்தூருக்குப் போகிறாய். லீவு கிடைக்கவில்லை என்றால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். சோறு கிடைக்காவிட்டால் அது நிஜமாகவே ஆகிவிடும். அந்தச் சேவல் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது தன் விதியைச் சந்திக்கட்டும். அவளிடம் நீளமாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உனக்கு நாலு வரிக்கு மேல் வராது. கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போகச் சொல். அங்கே என்ன இருக்கிறது என்று அவளைக் கேள். அவள் காட்டுவாள், பார். பிறகு இரண்டு பேரும் நேரே இங்கே வாருங்கள். பட்டணத்துக்கு அப்புறம் போகலாம். பஸ்ஸில் வீட்டுவாசல் வரை வராமல் மதகடியில் இறங்கி நடந்து வாருங்கள். தாழ்ந்த வயலுக்காக ஆடி பிறந்ததுமே சம்பா நாற்று விட்டிருக்கிறேன். ஆவணி முதல் வாரம் பறிப்பு. கோவிந்தராசு இந்தத் தடவை கூலியை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டார், கொஞ்சம் அவர் இறங்கி, கொஞ்சம் நாங்கள் ஏறி. ஆனாலும் அஞ்சம்மா பறிப்புக்கு இறங்க மாட்டேன் என்கிறாள். "அந்தப் பொண்ணு வரட்டும்யா. அது வந்து 'புடுங்காதீக'ன்னு ஒரு சத்தம் போட்டாத்தான் கையை வைப்போம்" என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். அவளோடு இருக்கிற பெண்கள் எல்லாரும் அதற்கும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருக்கிறது, வந்து கேட்டால் உனக்கே தெரியும்.

இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூக்குத்தி வந்த இடத்தில், "இதையெல்லாமா பிள்ளைக்கு எழுதுவாங்க?" என்றாள், ஆனால் அந்த வரிகளை அடித்துவிடச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் முறத்தை எடுத்து எறும்பை ஊதிவிட்டுப் புடைக்க ஆரம்பித்தாள். ஆக, எனக்குச் சோறு உண்டு. "நீ ஏதாவது சேர்க்கணுமா?" என்று கேட்டேன். புடைத்துக்கொண்டே சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்:

"பேண்ட் போட்டுக்கிட்டு வர வேணாம். வேட்டி கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. சேத்துல இறங்கணும்ல."

அப்பா